கருகமணியும் கற்பூரமும்!

மஞ்சள் கயிறு தெரியும், தங்கத் தாலி தெரியும். கருகமணி பார்த்திருக்கீங்களா ஃப்ரெண்ட்ஸ்? பொடிப்பொடியான கறுப்பு மணிகளைக் கோத்த மாலை. தமிழ் முஸ்லிம் வீடுகள் பலதில் அதுதான் தாலி. பார்க்க ரொம்ப தூரம் போக வேண்டாம். எங்க செலியமேட்டில் பஸ் ஏறி, வில்லியனூர் பக்கம் வாங்க.

செலியமேடு பாகூர் கொம்யூனில் இருக்கு. கவிஞர் வாணிதாசன் வாழ்ந்த ஊர்னு சொன்னால் தமிழ் வாத்தியார்கள் டக்குனு கண்டுபிடிச்சிடுவாங்க. வில்லியனூரில் திருக்காமீசுவரர் கோயில், மாதா கோயில், கொஞ்சம் தள்ளி முஸ்லிம்கள் நிறைய பேர் வாழும் சுல்தான்பேட்டை. பிரெஞ்சுக்காரங்க ஆண்டபோது கவர்னரே வந்து கோயில் தேர் வடம் பிடிச்ச ஊர் இது!

சுல்தான்பேட்டையில் காலேஜ் நண்பனோட அக்காவுக்கு நிக்காஹ். பெண்ணின் சம்மதம், அவளுக்குப் பொறுப்பாக வலீ, ரெண்டு சாட்சி, மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கும் மஹர், பதிவேட்டில் கையெழுத்து. அரை மணி நேரம்கூட ஆகலை. மார்க்கம் கேட்பது அவ்வளவுதான். ஆனா அதுக்கு முன்னும் பின்னும் நடந்தது? முதல் நாள் மருதாணி, நலங்கு, மாப்பிள்ளை கழுத்தில் மல்லிகை மாலை, நாத்தனார் வந்து கருகமணி கட்டுறது... எல்லாம் நம்ம ஊர் மண்ணு!

இது இங்கே மட்டும் இல்லை. இந்தோனேஷியாவில் ஜாவா பக்கம் போனால், கல்யாணத்துக்கு முன்னாடி பெண்ணுக்குப் பூ மிதக்கும் தண்ணியில் நீராட்டு. மாப்பிள்ளை காலால் முட்டையை உடைப்பார், பெண் அந்தக் காலைக் கழுவி விடுவாள். மேற்கு சுமத்ராவில் வாழும் மினாங்கபாவ் மக்களிடம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோகணும். நம்ம காயல்பட்டினம், கீழக்கரை மாதிரியேதான்! ஓதி முடிச்சுப் போடுற விருந்துக்கு அங்கே பேர் கெண்டூரி. நாகூரில் நாம சொல்றது கந்தூரி. ரெண்டும் பாரசீகத்திலிருந்து கப்பலேறின ஒரே சொல்.

சாவு வீட்டுக்கு வருவோம். மய்யித்தைக் குளிப்பாட்டி, ஆணுக்கு மூணு, பெண்ணுக்கு அஞ்சு வெள்ளைத் துணியில் கஃபனிட்டு, சந்தூக்கில் சுமந்து போய், ஜனாஸா தொழுது, கிப்லாவைப் பார்த்தபடி அடக்கம். கடைசியா ஊத்துற தண்ணியில் கற்பூரம் கலப்பாங்க. 'ஆஹா, நம்ம கோயில் கற்பூரம் அங்கே போயிடுச்சு'னு முடிவு கட்டிடாதீங்க. நபிகள் நாயகம் காலத்திலேயே அரபு நாட்டில் இருந்த வழக்கம் அது. அரபியில் காஃபூர். அந்தக் காலத்தில் சரக்கு வந்தது சுமத்ரா, போர்னியோ பக்கத்துக் காட்டு மரங்களிலிருந்து. சுமத்ராவின் கற்பூரத் துறைமுகமான பாரூஸில் 1088-ம் வருஷத்துத் தமிழ்க் கல்வெட்டே கிடைச்சிருக்கு. வெச்சவங்க ஐந்நூற்றுவர் என்ற நம்ம வணிகக் குழு! (இப்ப கடையில் விக்கிறது பெரும்பாலும் டர்பன்டைனிலிருந்து ஃபேக்டரியில் செய்யுற சரக்கு. கெமிஸ்ட்ரி லேபுக்கு நன்றி.) இதில் யார் யாரிடம் கடன் வாங்கினாங்க, சொல்லுங்க பார்ப்போம்?

எங்க ஊர்ல பால் தெளி முடிஞ்சு, பதினாறாம் நாள் கருமாதி. முஸ்லிம் வீடுகள் பலதில் மூணாம் நாளும் நாற்பதாம் நாளும் பாத்திஹா ஓதி, சாப்பாடு போடுவாங்க. ஜாவாவில் 3, 7, 40, 100-னு போய் ஆயிரமாவது நாள் வரைக்கும் உண்டு!

சண்டையும் இங்கேதான். 'நபிவழியில் இல்லாத புதுசு, பித்அத், வேண்டாம்' என்று ஒரு தரப்பு. 'இறந்தவருக்காக துஆ செய்யுறதில் என்ன தப்பு?' என்று இன்னொரு தரப்பு. இந்தோனேஷியாவில் 1912-ல் தொடங்கின முஹம்மதியா முதல் பக்கம், 1926-ல் தொடங்கின நஹ்ததுல் உலமா ரெண்டாவது பக்கம். தமிழ்நாட்டில் 2004-ல் உருவான தவ்ஹீத் ஜமாஅத் முதல் பக்கம், சுன்னத் ஜமாஅத்தார் ரெண்டாவது பக்கம். நண்பன் வீட்டிலேயே கருகமணி கட்டணுமா வேண்டாமானு ரெண்டு வாரம் பட்டிமன்றம். கடைசியில் ஜெயிச்சது அவனோட நன்னிமாதான்.

என்னைக் கேட்டால், அந்தக் கறுப்பு மணி யாரையும் கடிக்கலை. கடிக்கிறது வேற. மார்க்கப்படி பணம் போக வேண்டியது மாப்பிள்ளையிடமிருந்து பெண்ணுக்கு. நம்ம ஊர் வழக்கம் அதை யூ-டர்ன் அடிக்க வெச்சிடுச்சு. மஹர் சில ஆயிரம், எதிர்ப்பக்கம் நகையும் பைக்கும் ரொக்கமும். சுமத்ராவின் பாரியாமான் ஊரிலும் மாப்பிள்ளையை அழைச்சிட்டு வர பெண் வீட்டார் பணம் வைக்கணும். வரதட்சணைக் கல்யாணத்தில் சாப்பிட மாட்டோம்னு தவ்ஹீத்காரங்க சொல்றாங்களே, அந்த விஷயத்தில் என் ஓட்டு அவங்களுக்கு.

இன்னொண்ணு. புருஷன் இறந்தால் சில வீடுகளில் கருகமணியைக் கழற்றிடுவாங்க, அப்புறம் எப்பவும் போட விடமாட்டாங்க. நல்ல காரியம்னால் அவங்க பின்னாடி நிற்கணும். நபிகளின் முதல் மனைவி கதீஜா நாயகியே கணவரை இழந்து மறுமணம் செஞ்சவர். மார்க்கம் சொல்லும் இத்தா நாலு மாசம் பத்து நாள். அது முடிஞ்சால் நகை போடலாம், இன்னொரு நிக்காஹும் செய்யலாம். காலம் பூரா மூலையில் உட்கார வைக்கிற பழக்கம் எங்க தெருவிலிருந்து அங்கே போனது.