பாடியைத் தூக்கினால்தான் தெரியும்

போடி மலைப்பாதையில் ஏலக்காய் மூட்டை ஏற்றும் பழைய மஹிந்திரா ஜீப்புக்குப் பெயின்ட் அடித்தால் போதும் என்றுதான் அந்த விவசாயி நினைத்தார். மெக்கானிக் விடவில்லை. முதலில் பேட்டரி வயரைக் கழற்றினார். பிறகு டீசல் குழாய், வயரிங், ஸ்டீயரிங், பெடல், ஹேண்ட்பிரேக் இணைப்புகளை விடுவித்து, ஒவ்வொன்றிலும் அடையாளச் சீட்டு கட்டினார். துருவேறிய போல்ட்டுகளுக்கு முந்தின இரவே டீசல் ஊற்றி ஊறவிட்டிருந்தார். ஒரே ஒரு போல்ட் கழலாமல் நின்றாலும் தூக்கும்போது பாடி கோணிவிடும்.

ஆறு பேர் தூக்கி வைத்தார்கள். ரப்பர் துண்டுகளுக்கு அடியில், சேறு தங்கிய இடத்தில், சுத்தியலால் தட்டியதுமே சேஸிஸ் உதிர்ந்தது. இதை நம்பித்தான் இத்தனை நாளும் ஆட்களை ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் போய்வந்திருக்கிறார்!

வேறு சேஸிஸ் மலிவாகக் கிடைக்கும் என்றார் ஒருவர். அதிலுள்ள எண் ஆர்.சி. புத்தகத்தோடு பொருந்தாதே! துருப்பிடித்த பகுதியை மட்டும் வெட்டி, கனமான தகடு வைத்து வெல்டிங் செய்தார்கள். எண் பொறித்த இடத்தில் கிரைண்டர் படவே இல்லை.