சாவி உள்ளே இருக்கிறது

‘சார், சர்வர் உள்ளயே விடமாட்டேங்குது. நாளைக்கு சம்பளம் போடணும்’ என்று நண்பரின் ஆபீஸிலிருந்து ராத்திரி போன். போனேன்.

விர்ச்சுவல் மெஷின் என்பது ஒண்டுக்குடித்தனம். ஒரே கம்ப்யூட்டருக்குள் பல கம்ப்யூட்டர்கள் தனித்தனியாகச் சமைத்துச் சாப்பிடும். ஐ.பி.எம். 1972-ல் ராட்சத இயந்திரங்களுக்கு அறிவித்த சமாசாரம். இன்று விண்டோஸில் ஹைப்பர்-வி என்ற பெயரில் சின்ன ஆபீஸ்களிலும் ஓடுகிறது.

இங்கே மூன்று குடித்தனம். ஒன்று டொமைன் கன்ட்ரோலர்: வருகிறவர்களின் பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் வாட்ச்மேன். அன்று யு.பி.எஸ். மாற்றுவதற்காகக் குடித்தனங்களை ஒவ்வொன்றாக அணைத்துவிட்டு, கடைசியில் வீட்டையும் அணைத்திருக்கிறார்கள். திரும்பப் போட்டதும் வீடு விழித்தது, வாட்ச்மேன் விழிக்கவில்லை. ‘அணையும்போது ஓடிக்கொண்டிருந்தால்தான் தானாகக் கிளம்பு’ என்பது ஹைப்பர்-வியின் வழக்கமான செட்டிங்.

நிர்வாகம் செய்யும் லேப்டாப்பிலிருந்து நுழையப் பார்த்தால், ‘வாட்ச்மேனைக் கேள்’ என்கிறது வீடு. வாட்ச்மேனோ உள்ளே தூக்கம். நேராகப் போய் உட்காரலாம் என்றால், புதுப் பையன் அதில் ஒருமுறைகூட லாகின் செய்ததில்லை. வீட்டுக்கென்று தனி பாஸ்வேர்டு இல்லையா என்றேன். ‘இருக்கு சார், எக்ஸெல்ல.’ எக்ஸெல் எங்கே? மூன்றாவது குடித்தனத்தில்!

கடைசியில், சம்பளப் பாக்கிக்காகச் சண்டை போட்டு விலகிய பழைய பையனுக்கு போன் செய்தார்கள். தூக்கக் கலக்கத்தில், மறுபேச்சில்லாமல் பாஸ்வேர்டைச் சொன்னான்.

உங்கள் ஆபீஸிலும் இதே ஏற்பாடாக இருக்கலாம். இன்றைக்கே பாருங்கள். வாட்ச்மேனுக்கு ‘எப்போதும் கிளம்பு’ என்று செட்டிங். இன்னொரு வாட்ச்மேன், வேறொரு பெட்டியில். வீட்டு பாஸ்வேர்டு காகிதத்தில் எழுதி, ஒட்டிய கவரில், பீரோவில். நிர்வாக லேப்டாப்பில் ஈமெயில், சினிமா கூடாது. முக்கியமாகக் கடிகாரம்: வீடு வாட்ச்மேனிடம் மணி கேட்கும், வாட்ச்மேன் வீட்டிடம் கேட்பார், இரண்டும் சேர்ந்து தப்பாக ஓடும். கெர்பரோஸ் பொறுப்பது வழக்கமாக 5 நிமிட வித்தியாசம்தான். வாட்ச்மேனை வெளியே உள்ள டைம் சர்வரிடம் மணி கேட்கச் சொல்லுங்கள்.

மறுநாள் சம்பளம் போய்விட்டதாக நண்பர் சொன்னார். லிஸ்ட்டில் பழைய பையனின் பாக்கியும் இருந்ததாம்.