இரண்டும் சேர்ந்து நின்றது

கடலை நம்பிப் பிழைத்தவர்கள் அல்லர் நாங்கள். 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேயர் நகருக்கு, அலுவலகத்தையும் கடையையும் நம்பி வந்து சேர்ந்த மூன்று குடும்பத்தார். 1993-ஆம் ஆண்டில் ஒரு சிறு படகையும், அதன் பின்புறத்தில் மாட்டும் பழைய மோட்டார் ஒன்றையும் பங்கு போட்டு வாங்கினோம். ஞாயிறுதோறும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஜங்கிலிகாட்டிலிருந்து பேம்பூ பிளாட் வரை சென்று மீள்வதே எங்கள் கடற்பயணம்.

அது இரண்டு சிலிண்டர் மோட்டார். கயிற்றை இழுத்தால் உயிர்பெறும், மெல்ல ஓடும். கைப்பிடியைத் திருகி வேகம் கூட்டினாலோ, சில வேளை சட்டென்று நின்றுவிடும். ஒருநாள் சாத்தம் தீவுக்கு எதிரே, ஏழு பிள்ளைகளோடு, பயணிகள் படகு வரும் தடத்திலேயே நின்றது. இருந்ததோ ஒரே துடுப்பு. நீரோட்டம் பக்கவாட்டில் இழுத்தது. பெரிய படகு சங்கொலித்து விலகிப் போன பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. கரையேறியதும் எங்கள் இல்லத்தரசியர் மூவரும் ஒரே குரலில் தீர்ப்புரைத்தனர்: மோட்டாரைச் சீராக்க வேண்டும், இல்லையேல் விற்றுவிட வேண்டும், அதுவரை பிள்ளைகள் ஏறக்கூடாது.

படித்தவர்கள் அல்லவா, முறையாகவே தொடங்கினோம்! ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, வயரோடு எஞ்சின் உடலில் படும்படி வைத்துக் கயிற்றை இழுத்தோம். நீலப்பொறி பளிச்சென்று பாய்ந்தது. பெட்ரோல் குழாயைக் கழுவினோம். கோளாறு அப்படியே இருந்தது. அடுத்து பிளைவீல். சுத்தியலை ஓங்கிய எங்களுள் ஒருவரை மற்றவர் தடுத்தார். அவர் வாழ்க! அடித்திருந்தால் உள்ளிருக்கும் காந்தமும் கெட்டிருக்கும், தண்டும் கெட்டிருக்கும். இரவல் வாங்கிய புல்லரால் மெல்ல எடுத்தோம்.

உள்ளே ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியே ஒரு காயில், ஒரு கண்டன்சர், ஒரு ஜோடி பாயிண்டுகள். பாயிண்டு மூடியிருக்கையில் காயிலில் மின்னோட்டம் ஓடும். அது திறந்து ஓட்டம் அறுபடும் கணத்தில் பிளக்கில் பொறி பிறக்கும். உப்புக்காற்று பாயிண்டுகளில் பூத்திருந்தது. நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளியை அரை மில்லிமீட்டராக வைத்தோம். காயில்களின் மேற்பூச்சில் மயிரிழை வெடிப்புகள் தெரியவே, குற்றவாளி அகப்பட்டதென மகிழ்ந்தோம். சென்னையிலிருந்து இரண்டு புதிய காயில்கள் கப்பலேறி ஹேடோ துறைக்கு வந்தன. மாட்டினோம். மோட்டார் முன்போலவே நின்றது.

படகுக்கு விலை பேச ஒருவர் வந்து பார்த்தும் போனார். அந்த வாரத்தில்தான் படகுத்துறையில் எஞ்சின் வேலை செய்யும் தூத்துக்குடிப் பெரியவர் ஒருவரிடம் போய் நின்றோம். அவர் மோட்டாரைத் தொடவே இல்லை.

"நிக்கும்போது ஒண்ணொண்ணா நிக்குதா, ரெண்டும் சேர்ந்தா?"

"சேர்ந்துதான், அண்ணாச்சி."

"இருமிக்கிட்டு நிக்குதா?"

"இல்லை. விளக்கை அணைத்தாற்போல."

"எண்ணெய் பத்தலைன்னா இருமும் தம்பி. ரெண்டு காயிலும் ஒரே நேரத்துல எப்படிச் சாகும்? ரெண்டுக்கும் பொதுவா என்ன இருக்கு, அதைப் பாருங்க."

பொதுவாக இருந்தது, மோட்டாரை நிறுத்தும் பொத்தான். இரு பாயிண்டுகளிலிருந்தும் ஆளுக்கொரு வயர் அதற்குப் போகிறது. பிளைவீலை மீண்டும் எடுத்து, அவ்விரு வயர்களையும் பாயிண்டுகளின் பக்கத்திலேயே கழற்றிவிட்டு, படகைத் துறையில் இறுகக் கட்டி ஓட்டினோம். முழு வேகத்திலும் நிற்கவில்லை. நிறுத்தப் பொத்தான் இல்லாததால் சோக்கை மூடித் திணறடித்துத்தான் நிறுத்த வேண்டியதாயிற்று!

வேகம் கூட்டும்போது காயில்கள் இருக்கும் தட்டும் சேர்ந்து திரும்புவதை நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம், கருதிப் பார்த்ததில்லை. தட்டு திரும்பத் திரும்ப வயர்கள் மடிந்து, மேலுறை தேய்ந்து, செம்பு வெளிப்பட்டிருந்தது. தட்டு ஓரளவு திரும்பியதும் அவை ஒன்றையொன்று தொட்டன. ஒரு பாயிண்டு திறக்கும் வேளையில் மற்றது மூடியிருக்கும். ஆகவே அறுபட வேண்டிய ஓட்டம் அதன் வழியே போய்விடும். பொத்தானை அழுத்தினால் நிகழ்வதும் இதுவே. நாங்கள் பொறி பார்த்ததெல்லாம் கைப்பிடி தொடக்க நிலையில் இருந்தபோது. அப்போது வயர்கள் விலகியே இருந்தன. பொறியும் பொய் சொல்லவில்லை.

புதிய வயருக்கு ஆன செலவைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அதன்மேல் சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டிப் போர்த்தினோம். அடுத்த ஞாயிறு பிள்ளைகளோடு தாய்மார் மூவரும் ஏறினர். பேம்பூ பிளாட் போய் வரும்வரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. கழற்றிப்போட்ட பழைய காயில்கள் இரண்டும் இன்றும் பிஸ்கட் டப்பாவில் நல்ல நிலையிலேயே இருக்கின்றன.