ஆஃப் ஆகட்டும் என்று காத்திருந்தவருக்கு

ரிச்சி தெருவில் ஒரு மாடிப்படிக்குக் கீழே மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் தம்பிக்கு,

உங்கள் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் கூட்டம் வரும், கூட்டம் வந்தால் நீங்கள் அவசரப்பட ஆரம்பித்துவிடுவீர்கள் என்ற சுயநலம்தான். போன மே மாதம் கத்திரி வெயிலில், தோளில் செங்கல் கனத்துக்கு ஒரு பையோடு, அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி நடந்து வந்தேனே, நினைவிருக்கிறதா? பைக்குள் என் மகனின் கேமிங் லேப்டாப். விளையாட ஆரம்பித்து 20 நிமிடம் ஆனால் படம் அப்படியே உறைந்து நிற்கும். சில நாள் படக்கென்று அணைந்தே போகும். கீபோர்டில் கை வைத்தால் தோசைக்கல்.

எங்கள் பேட்டையில் ஒருவர் ஏற்கெனவே பார்த்திருந்தார். விண்டோஸ் தனக்குள் எழுதி வைத்திருக்கும் பதிவேட்டைத் திறந்து, 'கெர்னல் பவர் 41' என்ற வரியைக் காட்டி, "பவர் செக்‌ஷன் காலி, போர்டு மாத்தணும், 28,000 ஆகும்" என்றார். நீங்களும் அதே வரியைப் பார்த்தீர்கள். "இது காரணம் இல்லக்கா. மெஷின் சொல்லிக்காம போயிடுச்சுன்னு மட்டும்தான் அர்த்தம். ஏன் போச்சுன்னு இதுக்கே தெரியாது" என்றீர்கள். ஆபீசில் வருகைப் பதிவேடு பார்க்கிறவள் நான். எனக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது.

அடுத்து ஸ்க்ரூடிரைவரை எடுப்பீர்கள் என்று பார்த்தால், கேமைத் திறந்து விளையாட உட்கார்ந்துவிட்டீர்கள்! "முதல்ல ஆஃப் ஆகட்டும்" என்று ஸ்டூலை என் பக்கம் தள்ளினீர்கள். திரையின் ஓரத்தில் வெப்பம் 71, 88, 97 என்று ஏறியது. 4 கிகாஹெர்ட்ஸை ஒட்டி ஓடிக்கொண்டிருந்த பிராசஸர் ஒன்றரைக்கு விழுந்தது. 100 டிகிரிதான் இதற்கு எல்லை, நெருங்கினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அப்படியும் ஆறாவிட்டால் உயிர் பிழைக்க அணைந்துவிடும் என்று சொன்னீர்கள். ஆறு மாதமாக விளையாட்டைத் திட்டிக்கொண்டிருந்த எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. கட்டில் மெத்தை மேல் வைத்துத்தான் ஆடுவான் என்பதையும் அப்போதே ஒப்புக்கொண்டேன். அடியில் காற்று இழுக்கிற துவாரமே மெத்தைக்குள் புதைந்து கிடந்தால் அது என்னதான் செய்யும்.

பின்மூடியைக் கழற்றி ஃபேனைத் தூக்கியதும் வந்ததே, அந்தக் கம்பளி! ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில், அளவெடுத்து வெட்டியதுபோல் ஒரு தூசிப் போர்வை. அதில் பாதி எங்கள் வீட்டுப் பூனையின் முடி. முந்தைய கடையில் வெளியிலிருந்து ப்ளோயர் அடித்தது அதை இன்னும் இறுக்கித்தான் விட்டிருக்கிறது. சிப்பின் மேல் இருந்த பேஸ்ட் காய்ந்த சந்தனம்போல் பொருக்காக உதிர்ந்தது. "பேஸ்ட் சூட்டைத் தணிக்கிற மருந்து இல்லக்கா. சிப்புக்கும் அது மேல உட்கார்ற உலோகத்துக்கும் நடுவுல இருக்கிற காத்தை வெளிய தள்ளத்தான் இது. அதிகமா போட்டா அதுவே தடை" என்று மெல்லிசாகத் தடவினீர்கள். செம்புக் குழாய்க்குள் சொட்டுத் தண்ணீர்தான் இருக்கிறது, சூடான முனையில் ஆவியாகி, குளிர்ந்த முனையில் நீராகித் திரும்புகிறது என்றபோது, இட்லிப் பானை மூடி தெரியாதா எனக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

மகன் போனில் அழைத்து, 'வோல்டேஜைக் குறைத்தால் சூடு குறையுமாமே' என்று தன் வீடியோ ஞானத்தைக் காட்டினான். 2019-இல் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானபின் நிறைய இன்டெல் மாடல்களில் பயாஸ் அப்டேட்டிலேயே அந்தக் கதவைப் பூட்டிவிட்டார்கள் என்று அவனுக்கும் பொறுமையாக விளக்கினீர்கள்.

சாயங்காலம் வெப்பம் 82-ஐத் தாண்டவில்லை. நான் பர்ஸைத் திறந்துவிட்டேன். நீங்கள், "ராத்திரி இங்கயே இருக்கட்டும்" என்றீர்கள்.

மறுநாள் காலை நீங்கள் செய்த போனுக்காகத்தான் இந்தக் கடிதம். "அக்கா, சூடு சரியாயிடுச்சு. ஆனா வேலை முடியல. 82-லயே ஒரு வாட்டி உறைஞ்சு நின்னுச்சு." நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரியப்போவதில்லை. வீட்டுக்குப் போய் ஒரு வாரம் கழித்து நின்றிருக்கும். அது வேறு கோளாறு என்று இன்னொரு பில் போட்டிருக்கலாம். ஏமாந்தேன் என்றுகூட உணராமல் கொடுத்திருப்பேன்.

இரண்டு 8 ஜிபி ராமில் ஒன்றை மட்டும் வைத்து மெம்டெஸ்ட் ஓடவிட்டிருக்கிறீர்கள், சுத்தம். மற்றதை வைத்தால் வரிசையாகச் சிவப்புப் பிழைகள். அதோடு விடாமல், குற்றம் ராமிலா அது உட்காரும் ஸ்லாட்டிலா என்று இடம் மாற்றியும் பார்த்திருக்கிறீர்கள். பிழை ராமோடேயே போனது. சின்ன வேலைகளில் நினைவகம் அந்தக் கெட்ட இடத்தைத் தொடுவதே அபூர்வம். பெரிய கேம் மொத்தத்தையும் நிரப்பும்போதுதான் இடறும் என்றீர்கள். புது ராமை எதிர்க் கடையில் என்னையே வாங்கிவரச் சொன்னீர்கள். சுத்தம் செய்ததற்கு 900 ரூபாய். இரண்டாவது கோளாறுக்கு எவ்வளவு என்று கேட்டேன். "அதான் கண்டுபிடிச்சாச்சே" என்பது பதிலா என்று இன்றுவரை புரியவில்லை.

அந்தத் தூசிக் கம்பளியை பிளாஸ்டிக் கவரில் போட்டு, பையனிடம் காட்டச் சொல்லிக் கொடுத்தனுப்பினீர்களே, அவன் மேசைக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறேன். மெத்தையை விட்டு இறங்கிவிட்டான். ஆனால் ஒரு சிக்கல். தடுப்பு நீங்கியதால் சூடான காற்று இப்போது பக்கவாட்டில் நன்றாக வருகிறது. பூனை அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டது; அவன் விளையாட உட்கார்ந்தால் அங்கேயே சுருண்டுகொள்கிறது, விரட்டினாலும் போவதில்லை. அடுத்த கத்திரிக்கு முன்னால் ஒருமுறை கொண்டுவரச் சொன்னீர்கள். அதற்கு முன்பே வந்து நிற்பேன் என்றுதான் தோன்றுகிறது.

அன்புடன்,
அந்த லேப்டாப் அக்கா