இனாமா, ஊதியமா?

அயல்நாடு சென்று வந்தோர் வானளாவிய கட்டடங்களையும் அருங்காட்சியகங்களையும் பற்றி எழுதுவதே வழக்கம். நானோ ஓர் உணவகத்துப் பில்லைப் பற்றி எழுத விழைகிறேன். பொருளியல் பயிலும் மாணவிக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் வேறென்ன? அன்றியும், என் தந்தை எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தருகே ஓர் ஓட்டலில் நெடுங்காலமாக சர்வர் வேலை பார்ப்பவர். பில்லோடு வரும் சோம்புத் தட்டில் விழும் சில்லறையும் சேர்ந்துதான் என்னைக் கல்லூரி வரை கொண்டுவந்தது.

2023 மே மாதம், சிகாகோவில் வாழும் என் தமக்கையின் வீட்டில் தங்கியிருந்தேன். அத்தானுக்குப் பதவி உயர்வு கிடைத்ததையொட்டி, மிச்சிகன் அவென்யூவில் உள்ள ஒரு பெரிய ஓட்டலின் உணவுக்கூடத்துக்கு எங்களை அழைத்துச் சென்றார். அங்கே நாமாகப் போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார முடியாது. வாயிலில் நிற்கும் பெண்மணி பெயரைச் சரிபார்த்து, அழைத்துச் சென்று அமர்த்த வேண்டும். வெள்ளை விரிப்பு, ஆளுக்கு இரண்டு முட்கரண்டி, மடித்து வைத்த துணி. கேளாமலேயே பனிக்கட்டி மிதக்கும் தண்ணீர். பரிமாற வந்தவருக்கு என் தந்தையின் வயதிருக்கும். முதலில் தம் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொண்டார். அங்கே அது வழக்கமாம். அப்பாவின் பெயரைக் கேட்டறிந்த வாடிக்கையாளர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று என் மனம் கணக்குப் போட்டது.

நாங்கள் இறைச்சி உண்ணாதவர்கள் என்றதும், எந்தப் பண்டத்தில் கோழிச் சாறு சேர்கிறது, எதில் சேரவில்லை என்று சமையலறையில் விசாரித்து வந்து சொன்னார். காளானும் பாலாடைக்கட்டியும் சேர்த்துக் குழைய வேகவைத்த இத்தாலியச் சோறு வந்தது. நம் வெண்பொங்கலுக்குத் தூரத்து உறவு, மிளகுதான் போதாது!

கறுப்புத் தோல் உறைக்குள் பில் வந்தது. உணவுக்கு 140 டாலர், வரி தனி. அடியில் ஒரு வெற்றுக் கோடு. அதன் கீழே 18, 20, 22 விழுக்காடு என்றால் எவ்வளவு என்று கணக்கையும் அச்சிட்டிருந்தார்கள். அத்தான் அந்தக் கோட்டில் 28 டாலர் என்று எழுதிக் கையெழுத்திட்டார். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 2,300 ரூபாய். அப்பாவின் நான்கு நாள் கூலி!

"என்ன அத்தான், இவ்வளவா?"

"இது பெருமைக்குக் கொடுக்கிறது இல்லம்மா. அவர் சம்பளமே இதுலதான் இருக்கு."

அவர் சொன்னது மெய்யென்பதைப் பின்னர் படித்தறிந்தேன். அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி பொதுவான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். டிப்ஸ் பெறும் தொழிலாளிக்கு முதலாளி தம் கையிலிருந்து 2.13 டாலர் கொடுத்தாலே போதும். இத்தொகை 1991 முதல் உயரவேயில்லை. மீதியை வாடிக்கையாளரின் கை நிரப்ப வேண்டும். குறைந்தால் முதலாளி ஈடு செய்ய வேண்டும். இல்லினாய் உள்ளிட்ட பல மாநிலங்கள் இதைவிட உயர்ந்த தொகை வைத்துள்ளன. கலிபோர்னியாவோ இந்த வேறுபாட்டையே ஏற்பதில்லை. ஓட்டல் தொழிலாளரைக் கூலிச் சட்டத்துக்குள் கொண்டுவந்த 1966 ஆம் ஆண்டுத் திருத்தமே, டிப்ஸைக் கூலியில் கழித்துக்கொள்ளவும் வழி செய்தது என்பது விந்தையல்லவா?

இதன் வேர் இன்னும் ஆழமானது. சிகாகோவிலேயே புல்மன் என்றொரு பகுதி உண்டு. படுக்கை வசதி கொண்ட ரயில் பெட்டிகளைக் கட்டிய ஜார்ஜ் புல்மன் உருவாக்கிய ஊர் அது. உள்நாட்டுப் போருக்குப் பின், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களை அவரது நிறுவனம் அப்பெட்டிகளில் பணியாளராக அமர்த்தியது. சம்பளம் சொற்பம், பயணிகள் தரும் காசே பிழைப்பு. பயணிகளில் பலர் அவர்கள் எல்லாரையும் முதலாளியின் பெயராலேயே "ஜார்ஜ்" என்று அழைத்தார்கள். 1925 இல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் சங்கம் கண்ட அத்தொழிலாளர், 12 ஆண்டுகள் போராடி 1937 இல் நிறுவனத்தை ஒப்பந்தத்தில் கையெழுத்திட வைத்தனர். டிப்ஸ் கொடுப்பது குடியாட்சிக்கு இழுக்கு என்று 1909 இல் வாஷிங்டன் மாநிலம் தடைச் சட்டமே இயற்றியது. வேறு சில மாநிலங்களும் பின்பற்றின. 1926 க்குள் அச்சட்டங்கள் யாவும் மறைந்தன.

எல்லா நாடும் இப்படியில்லை. பிரான்சில் பட்டியலில் உள்ள விலையிலேயே பரிமாறும் கட்டணமும் அடக்கம். மனம் இருந்தால் சில நாணயங்கள் வைக்கலாம். ஜப்பானில் மேசைமேல் விட்டு வந்தால், மறந்துவிட்டீர்கள் என்று ஓடிவந்து திருப்பித் தருவார்களாம். சிங்கப்பூரின் பெரிய உணவகங்களில் பத்து விழுக்காடு பணிக்கட்டணத்தைப் பில்லிலேயே சேர்த்துவிடுகிறார்கள். அமெரிக்காவிலும் ஆறு பேருக்கு மேல் அமர்ந்தால் சில இடங்களில் தாமாகவே சேர்ப்பதுண்டு. அங்கே செல்லவிருக்கும் நண்பர்கள் பில்லை முழுவதும் படித்த பிறகே கோட்டை நிரப்புதல் நலம். இல்லையேல் இருமுறை கொடுக்க நேரும்.

ஒன்று உறுதி. முறை சரியல்ல என்று கருதுவோர் அங்கே கொடுக்காமல் எழுந்து வந்தால், தண்டனை முறைக்கு அல்ல, பரிமாறியவருக்கே. சட்டத்தை மாற்றுவது வேறு வேலை. அதையும் சிகாகோ மக்கள் தொடங்கினார்கள். டிப்ஸ் பெறுவோரின் தனிக் கூலியைப் படிப்படியாக ஒழிக்க 2023 அக்டோபரில் நகர மன்றம் சட்டம் நிறைவேற்றியது. 2024 ஜூலையில் முதல் உயர்வு வந்தது.

ஊர் திரும்பி இவற்றையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். 28 டாலரைக் கேட்டு அவர் வியக்கவில்லை. சட்டம், சங்கம் பற்றியெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மேஜை துடைக்கிற பையனுக்கு அதுல பங்கு உண்டாம்மா?" என்றார். பல இடங்களில் இரவு கணக்கு முடிக்கும்போது பிரித்துக் கொடுப்பார்கள் என்றேன். "எங்க கடையிலயும் அப்படித்தான்," என்று சொல்லி, இரவு வேலைக்குச் சட்டையை மாட்டிக்கொண்டார்.