அளக்காத வேகம்

திருவள்ளூரில் இருந்த பழைய வீட்டை ஒழித்தபோது எம் பெரியப்பாவின் கணக்குப் புத்தகம் ஒன்று கிடைத்தது. வரவு செலவு எழுதியிருப்பார் என்றெண்ணிப் புரட்டினோம். இருந்ததோ தோட்டாக்களின் வேகக் கணக்கு.

பெரியப்பா உரிமம் பெற்ற வேட்டைக்காரர். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வருமுன் ஜவ்வாது மலைக்குச் சென்று வந்தவர். அவரிடம் இருந்தது .375 மேக்னம் துப்பாக்கி. அதற்குரிய தோட்டாவை இலண்டனின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் 1912இல் அறிமுகப்படுத்தியது. மேக்னம் என்றால் இலத்தீனில் பெரியது. பெரிய மதுப்புட்டிக்கு வழங்கிய பெயர், மருந்து மிகுதியாய்க் கொள்ளும் தோட்டாவுக்கும் ஆயிற்று. வெளிநாட்டுத் தோட்டா அரிதான காலத்தில், சுட்ட வெற்றுக்கூடுகளில் பெரியப்பா தம் கையாலேயே மருந்து நிரப்பினார்.

புத்தகத்தில் ஓர் ஒப்பீடு. கென்னத் ஆண்டர்சன் ஏந்திய .405 வின்செஸ்டர்: 300 கிரெய்ன் குண்டு, விநாடிக்கு 2200 அடி. தம்முடைய .375: அதே எடை, 2500 அடி. 1963இல் வந்த .300 வின்செஸ்டர் மேக்னம்: 180 கிரெய்ன், 2950 அடி. 2500 என்பதன்கீழ் இருமுறை கோடிட்டிருந்தார். அடுத்த பக்கத்தில் மூன்றே சொற்கள்: "கடமான். முன்னங்கால். கிடைக்கவில்லை."

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் தரக்கட்டுப்பாட்டுப் பணியிலிருக்கும் எம் பழைய மாணவர் ஒருவரிடம் இதைக் காட்டினோம். பார்த்தவுடன் சொன்னார்: "ஐயா, இது அளவு இல்லை. விலைப்பட்டியலைப் பார்த்து எழுதியது."

பின் அவரே விளக்கினார். பட்டியலில் உள்ள வேகம், தோட்டா செய்தவர் தம் மருந்தை இட்டுத் தம் சோதனைக் குழலில் சுட்டுக் கண்டது. குழலின் நீளம், மருந்தின் வகை, அன்றைய வெப்பம் ஆகியவை மாறினால் வேகமும் மாறும். கையால் நிரப்பிய தோட்டா 2500க்குப் பதில் 2250 அடியில் சென்றிருந்தால், பத்தில் ஒரு பங்குதான் குறைவு. ஆனால் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அது 19 விழுக்காடு குறையும். தொலைவில் குண்டு தாழ்ந்திறங்கும் அளவோ ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு கூடும். "நெஞ்சுக்கு வைத்த குறி காலில் பட்டிருக்கலாம் ஐயா. எங்கள் ஆலையில் சான்றிதழோடு வரும் இரும்பையும் நாங்கள் மறுபடி சோதித்துத்தான் எடுப்போம்" என்றார்.

குண்டின் வேகத்தை அளக்கும் வழி அன்று புதிதுமன்று. 1742இல் ஆங்கிலேயரான பெஞ்சமின் ராபின்ஸ், கனத்த பலகையை ஊசலாய்த் தொங்கவிட்டுச் சுட்டார். ஊசல் எவ்வளவு தூரம் ஆடியது என்பதைக் கொண்டு, குண்டு வந்த வேகத்தைக் கணித்தார். அவருடைய நூலைப் பெருங்கணிதர் ஆய்லர் ஜெர்மனில் பெயர்த்தார். அந்த ராபின்ஸ் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராய்த் தமிழகக் கரைக்கு வந்து, 1751இல் கடலூரை அடுத்த புனித டேவிட் கோட்டையில் காய்ச்சலால் மாண்டார். தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு எத்தனை முறை சென்றிருப்போம்! இதை அறிந்திலோம்.

இன்று கையால் தோட்டா நிரப்புவோர் மேலைநாடுகளில் குழலுக்கு முன்னே வேகமானியை வைத்து ஒவ்வொரு குண்டையும் அளக்கின்றனர். பெரியப்பாவிடம் அக்கருவி இல்லை, அது குற்றமன்று. அடுத்தவர் அளந்த எண்ணைத் தம்முடையதென நம்பிக் காட்டுக்குள் போனாரே, அதுதான் எம்மை உறுத்துகிறது. காலொடிந்த கடமான் எத்தனை நாள் கிடந்து செத்ததோ!

அவரும் அதை உணர்ந்திருக்க வேண்டும். அந்த மூன்று சொற்களுக்குப் பின் புத்தகத்தில் வேறொன்றும் எழுதப்படவில்லை. எஞ்சிய தாள்கள் அனைத்தும் வெறுமையாகவே இருந்தன.