எங்கே ஆரம்பிக்கணும், கண்ணா?

காலையில் பள்ளிக்கூடம் கிளம்ப வேண்டிய பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் அம்மா என்ன செய்வாள்? ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுப்பாள். நானும் கொடுத்தேன். ஓமம், சுக்கு, பெருங்காயம் கரைத்த மோர் என்று கைவைத்தியமெல்லாம் தீர்ந்த பிறகு டாக்டரிடம் அழைத்துப் போனேன். ரத்தம் எடுத்தார், ஸ்கேன் பார்த்தார். "வயிற்றில் ஒன்றும் இல்லை. மனசில்தான் ஏதோ இருக்கிறது. மெதுவாகப் பேசிப் பாருங்கள்" என்றார்.

பேசிப் பார்க்கவா? அவன் பேசினால்தானே!

நாங்கள் இருப்பது டோக்கியோவில், நிஷிகசாய் என்ற பகுதியில். நம் ஊர்க் குடும்பங்கள் நிறைய உள்ள இடம். இட்லி அரிசிக்கும் கறிவேப்பிலைக்கும் பஞ்சமில்லை. அவருக்குக் கம்ப்யூட்டர் வேலை. பையன் ஐந்து வயதில் இங்கே வந்தவன், இப்போது 14. பக்கத்து அரசாங்க நடுநிலைப் பள்ளியில் படிக்கிறான். தமிழ் பேசுவான், ஆனால் சண்டை போடுவதும் கனவு காண்பதும் ஜப்பானிய மொழியில்தான்.

இந்த ஊரில் ஒரு நல்ல வழக்கம். வீட்டை விட்டுக் கிளம்பும்போது "இத்தெகிமாஸ்" என்பார்கள். நம்முடைய "போயிட்டு வரேன்" அப்படியே! திரும்பி வந்ததும் வாசலிலேயே "ததைமா" என்று குரல் கொடுக்க வேண்டும், அதாவது "வந்துட்டேன்". உள்ளே இருப்பவர் "ஒகாயெரி", "வா வா" என்று வரவேற்க வேண்டும். எங்கள் வீட்டில் ஒன்பது வருஷமாக ஒருநாள்கூட நின்றதில்லை இந்த வழக்கம். சென்ற வருஷம் மழைக்காலத்தில் நின்றது. சாவி திரும்பும் சத்தம் மட்டும் கேட்கும். பிறகு அவன் அறைக் கதவு சாத்தும் சத்தம். சாப்பாட்டுத் தட்டும் அறைக்குள் போயிற்று. பிறகு பள்ளிக்கூடமே வாரத்தில் இரண்டு நாள் என்று ஆயிற்று.

நோயோ பணக் கஷ்டமோ இல்லாமல் வருஷத்தில் 30 நாளோ அதற்கு மேலோ பள்ளிக்கு வராத பிள்ளைகளை இங்கே தனியாகக் கணக்கெடுக்கிறார்கள். 2023-ஆம் கல்வியாண்டில் ஆரம்பப் பள்ளி, நடுநிலைப் பள்ளி இரண்டும் சேர்த்து அப்படி 3,46,482 பேர்! நம் வீட்டுப் பிள்ளையும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுவானோ என்று எனக்கு ராத்திரித் தூக்கம் போயிற்று.

அறைக்குள் என்னதான் செய்கிறான்? ஒருநாள் துணி மடித்து வைக்கப் போனபோது பார்த்தேன். சுவரில் ஊதா நிறத்தில் ஒற்றைக் கொம்போடு ஒரு ராட்சத எந்திரத்தின் படம். கீழே "எவாங்கேரியோன்" என்று எழுத்து. எவாஞ்சலியன் என்று மற்ற நாட்டார் சொல்வது இதைத்தான். இங்கே செல்லமாக "எவா". சரி, இவன் பார்ப்பதை நாமும் பார்த்துத் தொலைப்போம், அப்படியாவது இரண்டு வார்த்தை பேச வழி பிறக்குமே என்று அன்று மத்தியானமே டி.வி.யைப் போட்டேன்.

வந்தது வம்பு! இந்த எவா ஒன்றா இரண்டா? தொடர் இருக்கிறது. சினிமாக்கள் இருக்கின்றன. அதே பெயரில் படக்கதைப் புத்தகம் இருக்கிறது. பேருக்குப் பக்கத்தில் 1.0, 2.0, 3.0 என்று கணக்கு வாத்தியார் மாதிரி எண்கள் வேறு. எதில் ஆரம்பிப்பது? புதுசுதானே நன்றாக இருக்கும் என்று 2021-ல் வந்த படத்தைப் போட்டேன். ஆங்கில எழுத்து கீழே ஓட, இரண்டு மணி 35 நிமிஷம் அசையாமல் பார்த்தேன்.

எடுத்த எடுப்பில் பாரீஸ் நகரம் முழுக்க ரத்தச் சிவப்பு. யாரோ பறக்கிறார்கள், யாரோ சுடுகிறார்கள். ஒரு பையன் பேச்சே இல்லாமல் சுருண்டு கிடக்கிறான். நடுவில் ஒரு கிராமம் வந்தது. உலகமே தெரியாத ஒரு பெண், ஊர்ப் பெண்களோடு வயலில் இறங்கி நாற்று நடுகிறாள். காலை வணக்கம் என்றால் என்ன, நன்றி என்றால் என்ன என்று ஒவ்வொரு சொல்லாகக் கேட்டுத் தெரிந்துகொள்கிறாள். அது ஒன்றுதான் எனக்குப் புரிந்தது. மற்றதெல்லாம் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான்.

மேல் மாடியில் இருக்கும் ஜப்பானிய அம்மாவுக்கு ஐம்பது வயது. அவரிடம் என் அரைகுறை மொழியில் புலம்பினேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"கடைசிப் படத்திலா ஆரம்பித்தீர்கள்? 26 வருஷக் கதையின் முடிவல்லவா அது! 1995-ல் நான் காலேஜில் படித்தேன். புதன்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடுவோம். எங்கே ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியும். ஆனால் என்னிடம் ஏன் கேட்கிறீர்கள்? கேட்க வேண்டிய ஆள் உங்கள் வீட்டிலேயே இருக்கிறாரே!"

எனக்குச் சுருக்கென்றது. நாலு மாதமாக நான் அவனைக் கேட்ட கேள்விகளை எண்ணிப் பார்த்தேன். சாப்பிட்டியா? ஹோம் ஒர்க் முடிச்சியா? ஏன் போகலை? என்ன ஆச்சு? எல்லாமே போலீஸ் விசாரணை! அவனுக்குத் தெரிந்து எனக்குத் தெரியாத ஒன்றை நான் கேட்டதே இல்லை.

அன்று ராத்திரி கதவைத் தட்டினேன். "கண்ணா, அந்த எவாவை நான் பார்க்கணும். எங்கே ஆரம்பிக்கணும்?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு கதவு திறந்தது. "நீயா?" என்றான். கடைசிப் படத்தைப் பார்த்துவிட்டேன் என்று ஒப்புக்கொண்டதும் தலையில் அடித்துக்கொண்டான். "ஐயோ அம்மா! யாராவது பாயசத்துல சாப்பாட்டை ஆரம்பிப்பாங்களா?" அவன் உதட்டோரம் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று!

நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து வரிசை போட்டுக் கொடுத்தான். முதலில் டி.வி. தொடர், 26 பகுதிகள். 1995 அக்டோபர் 4 முதல் 1996 மார்ச் 27 வரை ஒளிபரப்பானது. இரண்டாவது, 1997 ஜூலையில் வந்த "எவாஞ்சலியனின் முடிவு" என்ற சினிமா. மூன்றாவது, 2007, 2009, 2012, 2021 ஆகிய வருஷங்களில் வந்த நான்கு சினிமாக்கள், அதே வரிசையில். 1997 மார்ச்சில் வந்த இன்னொரு படம், பழைய தொடரின் சுருக்கமும் அடுத்த படத்தின் ஒரு துண்டும்தான், விட்டுவிடலாம். சதாமோதோ வரைந்த படக்கதை 14 தொகுதி. 1994 கடைசியில் பத்திரிகையில் ஆரம்பித்து 2013-ல் முடிந்தது. அதைப் பிறகு சாவகாசமாகப் படிக்கலாம்.

"ஏன்டா, அந்த 2007 படம் பளபளன்னு இருக்கே. அதுல ஆரம்பிச்சா என்ன?" என்றேன்.

"முதல் படம், தொடரோட முதல் ஆறு பகுதியை மறுபடி சொல்லுதும்மா. ரெண்டாவதுல கதை மெதுவா வேற பக்கம் திரும்புது. மூணாவதுல 14 வருஷம் தாண்டிடுது. பழைய பாதை தெரிஞ்சாத்தானே பாதை மாறினது தெரியும்?"

எனக்குப் புரிந்துவிட்டது. புள்ளி எங்கே என்று தெரிந்தால்தான் கோடு எங்கே விலகியது என்று தெரியும். "பொன்னியின் செல்வன்" சினிமா 2022-ல் வந்தபோது, கதை படித்தவர்கள் "இதை மாற்றிவிட்டார்களே!" என்று பேசிக்கொள்ள, படிக்காதவர்கள் யார் வந்தியத்தேவன், யார் அருள்மொழி என்று பக்கத்து சீட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார்களே, அது மாதிரிதான்.

ராத்திரிக்கு இரண்டு பகுதி, 13 ராத்திரி. அடுப்படி வேலை முடித்து நான் உட்காருவேன். முதல் நாள் அவன் கதவோரம் நின்றான். மூன்றாம் நாள் சோபாவின் ஓரம். ஆறாம் நாள், வேர்க்கடலைக் கிண்ணம் எங்கள் நடுவில்!

கதை இதுதான். ஷின்ஜி என்ற 14 வயதுப் பையன். தாய் இல்லை. தகப்பன் பல வருஷம் திரும்பிப் பார்க்காமல் இருந்துவிட்டு, திடீரென்று வரச் சொல்லி, "இந்த எந்திரத்தில் ஏறிச் சண்டை போடு" என்கிறார். மிசாதோ என்ற அதிகாரிப் பெண் அவனைத் தன் வீட்டில் வைத்துக்கொள்கிறாள். அந்த வீட்டைப் பார்க்கணுமே! ஃபிரிட்ஜ் நிறைய பீர்; அறையெல்லாம் குப்பை. போகப் போக சமையலும் வீட்டு வேலையும் பையன் தலையில்தான். ஆனால் முதல் நாள் அவன் விருந்தாளி மாதிரி தயங்கி நிற்கும்போது, இது உன் வீடு என்கிறாள் அவள். அவன் கூச்சத்தோடு "ததைமா" என்கிறான். எனக்குத் தொண்டை அடைத்தது. பக்கத்தில் திரும்பிப் பார்க்கவில்லை.

நாலாம் பகுதியில் ஷின்ஜி எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிப் போகிறான். அதற்கு முன்பு ஓடக் கூடாது, ஓடக் கூடாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்ட பையன். அப்போதுதான் என் பிள்ளை திரையைப் பார்த்தபடியே கேட்டான்: "அம்மா, ஓடினா என்ன தப்பு?"

நாக்கு நுனியில் பத்து புத்திமதி வந்தது. கடவுள் புண்ணியத்தில் ஒன்றையும் சொல்லவில்லை. "தெரியலைடா. மேலே பார்ப்போம்" என்றேன்.

தொடரின் கடைசி இரண்டு பகுதியில் எந்திரமும் இல்லை, சண்டையும் இல்லை. எல்லாம் அந்தப் பையனின் மனசுக்குள்ளேயே நடக்கிறது. அந்த நாளில் பார்த்தவர்கள் பலர் கோபப்பட்டார்களாம். இயக்குநர் ஹிதேயாகி அன்னோ, இதை எடுப்பதற்கு முன் நாலு வருஷம் எதுவும் செய்ய முடியாமல் கிடந்ததைத் தாமே எழுதியிருக்கிறார். 2012 படத்துக்குப் பின் மன அழுத்தத்தில் விழுந்ததையும் 2015-ல் வெளிப்படையாகச் சொன்னார். அது தெரிந்த பின், இது எந்திரக் கதை இல்லை என்பது எனக்குப் புரிந்தது. அந்த ஊதா எந்திரத்தின் உள்ளே இருப்பது என்ன என்பதை நான் சொல்லப்போவதில்லை. அம்மாக்கள் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியது அது!

1997 படத்தைப் போடும் முன், "இதை நீ தனியா பார்க்காதே அம்மா, நானும் இருக்கேன்" என்றான். கோரமும் ஆபாசமும் உண்டு அதில். அவன் ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தான். தனியாகப் பார்த்தானே என்றுதான் எனக்கு வருத்தம்.

பிறகு 2009 படம். பிள்ளைகள் உல்லாசப் பயணம் போகும் இடத்தில் ஷின்ஜி எல்லோருக்கும் சாப்பாடு கட்டிக்கொண்டு வருகிறான். ரேய் என்ற பெண் மாமிசம் சாப்பிட மாட்டாள். டப்பாவைத் தொடாமல் உட்கார்ந்திருக்கிறாள். அவன் ஒரு வார்த்தை கேலி பேசாமல் சூப்பை ஊற்றி நீட்டுகிறான்.

என் பிள்ளை ரிமோட்டை அழுத்தி நிறுத்தினான்.

"நம்ம டப்பாவைத் திறந்தா நாலு பசங்க மூக்கைப் பிடிச்சுக்கறாங்கம்மா."

நாங்கள் சைவம் என்பதால் பள்ளிச் சாப்பாடு வேண்டாமென்று நான்தான் தினம் சாம்பார் சாதமும் பொரியலும் கட்டிக் கொடுத்தேன். நாலு மாதமாக அதை வழியில் பூங்காவில் கொட்டிவிட்டு, மத்தியானம் பட்டினி கிடந்திருக்கிறான். வயிற்று வலி வராமல் என்ன செய்யும்? நான் ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன்!

அழுதேன். அவனும் அழுதான். மறுநாள் அவரும் நானும் வகுப்பு ஆசிரியையைப் பார்த்துப் பேசினோம். பையன் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டான்: "சாப்பாட்டை நானே கட்டிக்கறேன்." எலுமிச்சை சாதத்தை இந்த ஊர் மாதிரி முக்கோணமாகப் பிடித்து, கடற்பாசித் தாள் சுற்றி எடுத்துப் போகிறான். கூடப் படிக்கும் பையன் ஒருவன் "ஒண்ணு குடு" என்று கேட்டானாம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். இப்போதும் வாரத்தில் நாலு நாள்தான் போகிறான். சில காலைகளில் வயிறு வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் இப்போது, "வயிறா, மனசா?" என்று கேட்டால் பதில் வருகிறது.

உங்கள் வீட்டுப் பிள்ளையின் சுவரில் இருப்பது எவாவாக இருக்கலாம், வேறு எதுவாகவோ இருக்கலாம். எதில் ஆரம்பிப்பது என்று ஊரைக் கேட்காதீர்கள். அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள். அது கொடுக்கும் வரிசைப்படி பாருங்கள். நடுவில் புத்திமதி வேண்டாம். பதின்மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு எவா வேண்டவே வேண்டாம்; பெரிய பிள்ளைகளோடும் கூட உட்கார்ந்து பாருங்கள்.

போன செவ்வாய்க்கிழமை, ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். சாவி திரும்பும் சத்தம் கேட்டது. வழக்கம்போல அறைக் கதவின் சத்தத்துக்குக் காத்திருந்தேன். அது வரவில்லை.

"அம்மா, வந்துட்டேன்" என்றான். தமிழில்.